ஒரு கதவுக்கு ஒரு சாவி

வீட்டில் குழாயைப் பழுதுபார்க்க வருபவரிடம் சாவிக்கொத்து முழுவதையும் நாம் கொடுப்பதில்லை. தேவையான ஒரு சாவியை மட்டும் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். கணினி உலகிலும் இதே நெறி பின்பற்றப்படுகிறது.

குழுவாக மென்பொருள் உருவாக்குவோர் தங்கள் நிரல்களை கிட்ஹப், பிட்பக்கெட் போன்ற இணையக் களஞ்சியங்களில் சேமிக்கின்றனர். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, நிரல்களைக் களஞ்சியத்துக்கு அனுப்பவும் அங்கிருந்து பெறவும் உதவுகிறது. முன்பு பலர் இக்கருவியிடம் தங்கள் கணக்கின் கடவுச்சொல்லையே கொடுத்துவந்தனர். அது பிறர் கையில் சிக்கினால், கணக்கு முழுவதுமே ஆபத்துக்கு உள்ளாகும். ஆகவே, கிட்ஹப் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் முதல் இம்முறையை ஏற்பதில்லை.

இதற்கு மாற்றாக வந்ததே, ஒரு செயலிக்கோ கருவிக்கோ மட்டும் வழங்கப்படும் தனிச்சாவி. பிட்பக்கெட் இதனைச் ‘செயலிக் கடவுச்சொல்’ என்ற பெயரில் வழங்கியது. கிட்ஹப்பில் இதற்கு ‘அணுகல் டோக்கன்’ என்று பெயர்.

கிட்ஹப்பில் டோக்கனை உருவாக்குவது எளிது. முதலில், கணக்கின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, ‘பள்ளி மடிக்கணினி’ என்பதுபோல் அடையாளம் காணத்தக்க பெயரை அதற்கு இட வேண்டும். அடுத்து, எந்தக் களஞ்சியத்துக்கு அனுமதி, படிக்க மட்டுமா, மாற்றவுமா என்பவற்றை முடிவு செய்ய வேண்டும். பிறகு, அது காலாவதியாகும் நாளைக் குறிக்க வேண்டும். இறுதியில் தோன்றும் நீண்ட எழுத்துத்தொடர் ஒருமுறை மட்டுமே காட்டப்படும். அதனை உடனே நகலெடுத்துப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். கிட் கருவி கடவுச்சொல்லைக் கேட்கும்போது இதையே கொடுக்க வேண்டும்.

சிலர் இந்தச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, பொதுக் களஞ்சியத்தில் பதிவேற்றிவிடுகின்றனர். தவற்றை உணர்ந்து அந்த வரியை அழித்தாலும் பயனில்லை; கிட் பழைய பதிப்புகளையும் காத்துவைத்திருக்கும். அதைத் தேடி எடுப்பவர், குழுவினர் பல மாதங்கள் உழைத்து எழுதிய நிரலையே மாற்றிவிட முடியும். எனவே, சாவி கசிந்ததென்று தெரிந்தவுடன் அதனை ரத்துசெய்துவிட்டுப் புதியதை உருவாக்க வேண்டும். அப்போது முதன்மைக் கடவுச்சொல்லுக்கோ பிற கருவிகளின் சாவிகளுக்கோ பாதிப்பு ஏற்படாது.

தவறு நேர்ந்தால் அதை மறைக்காமல் குழுவினரிடம் உடனே தெரிவிப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.