உடம்பெல்லாம் வலி, சோதனையில் குறையில்லை

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் செங்கல் போன்ற எல்லையோர ஊர்களில், உடம்பெல்லாம் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் வேலைப்பளு என்றோ வயது என்றோ காரணம் காண்கிறோம். உழைப்பால் வந்த வலி ஓய்வில் தணியும். மூன்று மாதம் கடந்தும் தணியாமல், உடலின் இருபுறமும், இடுப்புக்கு மேலும் கீழும் பரவி நிற்கும் வலி ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கக்கூடும்.

வலியோடு சேர்ந்து வருபவற்றையே நாம் கவனிக்கத் தவறுகிறோம்: இரவெல்லாம் உறங்கியும் உறங்காதவரைப் போல் எழுவது, காலை விறைப்பு, மறதி, தலைவலி, குடல் தொல்லை. இந்நோயில் மூட்டு வீங்குவதில்லை. இரத்தச் சோதனையும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதனால், இந்நோய்க்கு மிகுதியாக ஆளாகும் பெண்கள், ‘எல்லாம் மனப்பிரமை’ என்னும் சொல்லையும் சேர்த்துச் சுமக்கின்றனர். வலி மெய்யே. வலிச் செய்திகளை மூளையும் தண்டுவடமும் மிகைப்படுத்துகின்றன என்பதே இன்றைய மருத்துவ விளக்கம்.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 1990-இல், உடலின் 18 புள்ளிகளை அழுத்தி 11-இலேனும் வலிக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. 2010-இல் அம்முறையை விடுத்து, வலி பரவிய இடங்களோடு களைப்பு, உறக்கம், நினைவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டது. தைராய்டுக் குறைவும் வைட்டமின் டி குறைவும் இதைப் போலவே தோன்றுமாதலால் அவற்றைச் சோதிப்பது தகும். காய்ச்சல், மூட்டு வீக்கம், எடைக் குறைவு இருப்பின் வேறு நோயைத் தேட வேண்டும்.

இரண்டு வாரம் எங்கே வலித்தது, எப்படி உறங்கினோம் என்று குறித்து வைத்தால், நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையில் சில நிமிடங்களிலேயே அனைத்தையும் சொல்லிவிடலாம்.