பொன்னுக்கு வீங்கி: செயின் போட்டால் சரியாகுமா?



இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, நல்ல வெயிலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். மஃப்ளருக்குள்ளே என் வலது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. கழுத்தில் அம்மாவின் ஒரு பவுன் செயின் வேறு! "இது பொன்னுக்கு வீங்கிடா, பொன்னைப் போட்டா இறங்கிடும்" என்று சொல்லி ஆச்சி போட்டுவிட்டார்கள். கணக்குத் தேர்வு இருந்ததால் நான் லீவு போடவில்லை. மறுநாள் வாயைத் திறக்கவே முடியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் சொன்னதையும், அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வீங்குவது எது?

நமக்கு மூன்று ஜோடி பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. அதில் மிகப் பெரியது பரோடிட் சுரப்பி. காதுக்கு முன்னாலும் கீழேயும் இருக்கிறது. இதன் குழாய், மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்பக்கம் திறக்கிறது. புளியங்காயைப் பார்த்தால் வாய் ஊறுகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. சுரப்பி வீங்கியிருக்கும்போது புளிப்பைத் தின்றால் காதோரம் சுளீர் என்று வலிக்கும். எனக்கு வலித்தது!

ஏன் வீங்குகிறது?

1. வைரஸ்: பொன்னுக்கு வீங்கி இந்த வகை. இருமல், தும்மல், எச்சில் மூலம் பரவும். முதலில் காய்ச்சல், உடல்வலி. பிறகு ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ வீக்கம்.

2. பாக்டீரியா: உடம்பில் நீர் வற்றிப்போன முதியவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், வாயைச் சுத்தமாக வைக்காதவர்களுக்கு வரலாம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். தோல் சிவந்து, குழாய் வழியாக வாய்க்குள் சீழ் வரும்.

3. கல்: சுரப்பியின் குழாயில் சின்னக் கல் அடைத்தால், சாப்பிடும் நேரத்தில் வீங்கி, பிறகு வடியும்.

சிகிச்சை என்ன?

வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. ஓய்வு, நிறையத் தண்ணீர், கஞ்சி, குழைந்த சாதம், வலிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டர் சொல்லும் அளவில் பாரசிட்டமால். இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் தேவை. சீழ் கட்டினால் கீறி எடுப்பார்கள். கல் என்றால் அதை எடுக்க வேண்டிவரும்.

கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வயிற்றுவலி, காது மந்தம், பையன்களுக்கு விதை வீக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்போ செயின்?

வீக்கம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே இறங்கிவிடும். வேலை செய்வது நம் உடம்பு, பெயர் வாங்குவது செயின்! ஆச்சி ஆசைக்குப் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. செயின் போட்டாச்சு என்று வெளியே கிளம்புவதுதான் தப்பு.

தடுப்பூசி உண்டா?

உண்டு. 1963-ல் அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்மேனின் மகளுக்கு இந்த நோய் வந்தது. அவர் மகளின் தொண்டையிலிருந்து வைரஸை எடுத்து, அதை வலுவிழக்கச் செய்து தடுப்பூசி தயாரித்தார். 1967-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. எம்.எம்.ஆர். ஊசியில் இது சேர்ந்திருக்கிறது. 2017-ல் நம் பள்ளிகளில் போட்ட எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். எனவே உங்கள் தம்பி, தங்கையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். எம்.எம்.ஆர். இல்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு மன்னிப்பு

வீக்கம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே, வந்து ஐந்து நாள் வரை, நம்மிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும். தொற்றியவருக்கு நோய் தெரிய பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். அந்தத் திங்கட்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் குடித்த நண்பனுக்குச் சரியாகப் 17-வது நாள் இரண்டு கன்னமும் வீங்கியது. அதே வாரம் மண்டல விளையாட்டுப் போட்டி. வருஷம் முழுக்கக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து 800 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தவன் அன்று கட்டிலில் படுத்திருந்தான். "பரவாயில்லடா, அடுத்த வருஷம் ஓடிக்கிறேன்" என்றான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நான் எழுதிய அந்தக் கணக்குத் தேர்வில் வாங்கியது 41 மார்க்.

நண்பர்களே, காதோரம் வீங்கினால் மறைக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். ஐந்து நாள் வீட்டிலேயே இருங்கள். தட்டு, டம்ளர், பாட்டிலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்வை டீச்சரிடம் கேட்டுப் பிறகும் எழுதலாம்.

வருமுன் காப்போம்!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்