புராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்பா? தீபத் திருவிழா கைவசம் இருக்கே!

கல்லூரியில் பாடம் எடுக்கும் தோழிகளே, தோழர்களே! புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டுக்கென்று விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். திருவண்ணாமலைப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த கார்த்திகை தீபத்தை வைத்தே பாதிப் பாடத்தை முடித்துவிடலாம்.

1. திட்டத்தைக் கடைசியிலிருந்து போடச் சொல்லுங்கள். மகாதீபம் மாலை 6 மணிக்கு என்றால், முந்தின நாளே தீபம் ஏற்றும் கொப்பரை 2,668 அடி மலையுச்சிக்குப் போயாக வேண்டும். நெய்யும் காடாத்துணியும் அதற்கு முன்பே தயாராக வேண்டும். "இதுக்கு முன்னாடி எது முடிஞ்சிருக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே போனால் வேலைப் பட்டியல் தானாக வந்துவிடும்.

2. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் அட்டைக்கு ஒரு வேலை எழுதுங்கள். கொடிக்கயிற்றில் துணி கிளிப் போட்டு 'செய்யணும், நடக்குது, முடிஞ்சது' என்று மூன்று பகுதியாக மாட்டினால் சார்ட் பேப்பர் செலவு மிச்சம்.

3. கிரிட்டிக்கல் பாத், அதாவது ஒன்று தாமதமானால் மொத்தமும் தள்ளிப்போகும் வேலைத் தொடர், புரியவில்லையா? திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தை எடுங்கள். பிள்ளையார், முருகர், பெரிய தேர், அம்மன், சண்டிகேஸ்வரர் என ஐந்து தேரும் வரிசையாக வரும். முன்னது நிலைக்கு வந்தால்தான் அடுத்தது புறப்படும். முதல் தேர் ஒரு மணி நேரம் தாமதமானால் கடைசித் தேர் எப்போது நிலைக்கு வரும் என்று கணக்குப் போடட்டும். 1957 வாக்கில் அமெரிக்க டூபான்ட் கம்பெனியில் உருவான இந்த முறை மாடவீதியிலேயே விளங்கிவிடும்.

4. 'ரெண்டு நாள்ல முடிச்சிடுவோம் சார்' என்ற பேச்சை அப்படியே ஏற்காதீர்கள், மூன்று மதிப்பீடு கேளுங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்குச் சீக்கிரம் என்றால் 3 மணி நேரம், வழக்கமாக 4, பௌர்ணமிக் கூட்டத்தில் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் நாலரை மணி. இதுதான் பெர்ட் கணக்கு.

5. வேலையைப் பிரிக்க கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்கள் போதும். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டுக் குழு. ஒவ்வொரு அட்டையிலும் பொறுப்பாளர் பெயர் ஒன்றே ஒன்று.

6. 'எது தப்பாகலாம்?' என்ற பட்டியலைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 2024 டிசம்பர் 1-ல் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13-ல் தீபம். பக்தர்கள் மலையேறத் தடை விதித்து, தேவையான ஆட்களை மட்டும் அனுப்பி, குறித்த நாளில் ஏற்றினார்கள். எதை விடலாம், எதை விடவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

7. பரீட்சைக்குப் பதில் பௌர்ணமிக்கு ஒரு மோர்ப் பந்தல் போடச் சொல்லி 500 ரூபாய் கொடுங்கள். வேலைப் பட்டியலில் மோர், உப்பு, பெருங்காயம் எல்லாம் எழுதுவார்கள். டம்ளர் கழுவ வாளியும் தண்ணீரும் மட்டும் விட்டுப்போகும். 2019 முதல் ஒருமுறை வீசும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் டம்ளர்தான், அதனால் வாளி கட்டாயம்!

8. விளக்கு ஏற்றியதோடு வேலை முடியாது. தீபம் 11 நாள் எரிந்தபின் கொப்பரை கீழே இறங்க வேண்டும், தீப மை ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்தப்பட வேண்டும். அதுபோல மோர்ப் பந்தலிலும் பாக்கிப் பணம், இரவல் பாத்திரம், அடுத்த பேட்சுக்கு ஒரு பக்கக் குறிப்பு மூன்றும் கைக்கு வந்தபிறகே மார்க் போடுங்கள்.