கப்பலோட்டிய தமிழரின் அஞ்சல் தலை

அஞ்சல் தலை சேகரிப்பது எங்கள் வகுப்புத் தோழியர் சிலரின் பொழுதுபோக்கு. இவ்வாண்டு ஒரு தோழியின் தாத்தா கொடுத்த பழைய கடித உறையில் வ. உ. சிதம்பரனாரின் திருவுருவம் பொறித்த அஞ்சல் தலை இருந்தது. அதன்மீது கறுப்பு முத்திரை அழுந்தப் பதிந்திருந்தது. "இது அழுக்காக உள்ளது, நம் ஆல்பத்திற்கு வேண்டாம்" என்றோம். "முதலில் அதைப்பற்றிப் படியுங்கள், பிறகு முடிவு செய்யலாம்" என்றார் எங்கள் சிஸ்டர். படித்தோம்.

அஞ்சல் தலைகள் இருவகைப்படும். அன்றாடத் தேவைக்கானவை மீண்டும் மீண்டும் அச்சாகும். நினைவு அஞ்சல் தலையோ ஒரு பெரியாரையோ நிகழ்ச்சியையோ போற்றும் பொருட்டு வெளியிடப்படுவது. அது குறிப்பிட்ட அளவே அச்சாகும். வெளியிடும் நாளில் தனி முத்திரையுடன் முதல் நாள் உறையும் வரும். சிதம்பரனாரின் அஞ்சல் தலை 1972 செப்டம்பர் 5ஆம் நாள், அவருடைய நூறாவது பிறந்த நாளன்று வெளிவந்தது.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர் தூத்துக்குடியில் வழக்கறிஞராக இருந்தார். கொழும்புக்குச் செல்லும் கடல் வாணிபம் ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கும் துணை நின்றார். அவ்வாண்டே இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆயினும் கோவைச் சிறையில் மாடுபோல் செக்கிழுத்தார். 1912இல் விடுதலையானபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை. அவ்வுரிமை பின்னர் திரும்பக் கிடைத்தது எனினும் வறுமை அவரை விட்டு நீங்கவில்லை. சுதந்திரத்தைக் காணாமலே 1936இல் மறைந்தார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தோம். அவருக்குத் தண்டனை விதித்த 1908இல் இந்திய அஞ்சல் தலைகளில் இருந்தது ஏழாம் எட்வர்டு மன்னரின் முகம். அம்மன்னரின் ஆட்சிக்குத் துரோகி எனப்பட்டவரின் முகமே 64 ஆண்டுகளுக்குப்பின் சுதந்திர நாட்டின் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. தீர்ப்பு எழுதியவர் ஒரு நீதிபதி. அதைத் திருத்தி எழுதியது காலம்!

அப்போதுதான் அந்தக் கறுப்பு முத்திரையின் பொருளும் எங்களுக்கு விளங்கியது. அது அழுக்கன்று. அந்த அஞ்சல் தலை ஒரு கடிதத்தைச் சுமந்து யாரோ ஒருவர் வீட்டு வாசலை அடைந்ததற்கான சான்று. உழைத்துத் தழும்பேற்றவரின் படம் உழைத்துத் தழும்பேற்ற தாளில் இருப்பதே பொருத்தம் அன்றோ?

2011இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. அது பெரிய சிறப்பு. எங்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தச் சிறிய அஞ்சல் தலையை முத்திரையோடு ஒட்டியுள்ளோம். அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பழைய உறைகளைக் கிழித்தெறியும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நன்றி மறவாத நாடு நமக்கு எழுதிய கடிதம் அதில் இருக்கலாம்.