அம்பு நேராகப் போவதில்லை

மரவில்லை ஏந்தியவன் இலக்கை உற்று நோக்கி நாணை விட்டால் போதும், கணக்கு ஒன்றும் வேண்டாம், கை தானே அறியும் என்னும் நம்பிக்கை வெகுகாலமாக நிலவி வருகிறது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இதைத் திருத்துவது சிரமமாயிருக்கிறது. 1545-ல் வெளியான 'டாக்ஸோஃபிலஸ்' என்னும் நூலில் ரோஜர் ஆஸ்கம், பார்வை குறியை விட்டு அகலலாகாது என்று உபதேசித்தது மெய்யே. ஆனால் பார்வை குறியில் நிலைத்திருப்பது வேறு, அம்பின் நுனியை அறவே மறந்துவிடுவது வேறு. 1938-ல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்துக்காக அம்பெய்த அமெரிக்கரான ஹவார்டு ஹில், நேர்ப்பார்வை இலக்கிலும் கடைக்கண் பார்வை அம்புநுனியிலுமாக இருப்பதே தம் முறை என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அம்பு நேர்கோட்டில் செல்கிறது என்பது அடுத்த பிரமை. வினாடிக்கு 150 அடி வேகத்தில் கிடைமட்டமாகப் புறப்படும் அம்பு 20 கஜ தூரத்தைக் கடக்க 0.4 வினாடி ஆகும்; அதற்குள் பூமியின் ஆகர்ஷணம் அதை ஏறத்தாழ 2½ அடி இறக்கிவிடும். 40 கஜமானால் இறக்கம் 5 அடிதானே என்று எண்ணுகிறவர் ஏமாந்து போவார்; காற்றின் தடையைச் சேர்க்காமலே அது 10 அடிக்கு மேல்.

அப்படியானால் தூரத்துக்குத் தக்கபடி நாணை அதிகமாக இழுக்கலாமே என்பார் உண்டு. இதைவிடக் கெடுதலான யோசனை வேறில்லை. இழுப்பு மாறினால் அம்பின் வேகமும், புறப்படுகையில் அதன் தண்டு வளையும் அளவும் சேர்ந்து மாறி, நேற்றுப் பழகியது இன்று உதவாமற் போகும். மாற வேண்டியது அம்பின் சாய்வு ஒன்றே.

அந்தச் சாய்வை நுனியைக் கொண்டு அளப்பதற்கு நாணை எதுவரை இழுப்பது என்பதும் முக்கியம். காதுவரை இழுப்பதே உத்தமம் என்ற பழைய கொள்கையை இங்கிலாந்தின் வில்லாளி ஹொரேஸ் ஃபோர்டு 1856-ல் எழுதிய நூலில் மறுத்தார். வலக்கையால் நாணிழுப்பவன் காதுவரை இழுத்தால் அம்பின் வால் கண்ணுக்கு வலப்புறம் விலகி நிற்பதால், நுனி குறியின்மேல் இருப்பதாகத் தோன்றும்போதே அம்பு இடப்புறம் போய்விடும். ஆகவே அம்பின் வால் கண்ணுக்கு நேர்க்கீழே இருக்கும்படி தாழ்த்தி இழுக்க வேண்டும் என்றார். இவ்வாறு இழுத்து நிற்கையில், அம்பு கண்ணுக்குக் கீழே இருப்பதால் அருகிலுள்ள இலக்குக்கு நுனியை அதன் அடியிலுள்ள புல்தரையில் வைக்க நேரும். தூரம் கூடக்கூட நுனி மேலேறி, ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இலக்கின் நடுவிலேயே படியும். அதற்கும் அப்பால் இலக்குக்கு மேலே, பின்னாலுள்ள மரக்கிளையையோ வானத்தையோ தொடும். நுனி இலக்கின் நடுவில் படியும் அந்தத் தூரம் வில்லுக்கு வில், ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை எய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். (மேட்டை நோக்கி எய்யும்போது உயர்த்திக் குறிவைக்க வேண்டும் என்பதும் பிழை, மேடானாலும் பள்ளமானாலும், அதே தூரத்துச் சமதரைக்கு வைப்பதைவிடச் சற்றுத் தாழ்த்தியே வைக்க வேண்டும்.)

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவருக்கு ஒரு செய்தி: 1857-ல் செல்ட்டன்ஹாமில் ஃபோர்டு 100, 80, 60 கஜ தூரங்களிலிருந்து எய்த 288 அம்புகளில் 245 அம்புகள், 4 அடி விட்டமுள்ள இலக்கில் தைத்தன.