கண்ணாடி விரியனும் கடலாழ மீனும்: ஒரே டாக்டர்

கேள்வி: வெள்ளி நாடா மாதிரி நீளமாக, தலையில் சிவப்புக் கொண்டையோடு ஒரு மீன். ஏழெட்டுப் பேர் தூக்கிப் பிடித்திருக்கும் வீடியோ எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. ‘டூம்ஸ்டே ஃபிஷ்’, பூகம்பம் வரும் என்கிறார்கள். இது எந்த ஊர் மீன்? யார் பேர் வைத்தது? சாப்பிடலாமா?
– வாசகி, கோச்சடை, மதுரை

பதில்: அது ஓர்ஃபிஷ். எலும்புள்ள மீன்களில் உலகிலேயே நீளமானது. 8 மீட்டர் வரை வளரும். எந்த ஊர் என்றால், இதில் ஒரு வகைக்குப் பெயர் கிடைத்ததே வங்கக் கடற்கரைக்கு வந்த மீனால்தான்.

பேட்ரிக் ரஸ்ஸல் என்று ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். சிரியாவின் அலெப்போவில் பிளேக் நோயோடு மல்லுக்கட்டியவர். விசாகப்பட்டினத்துக்கு அதிகாரியாகப் போன தம்பியுடன் இந்தியா வந்தார். 1785-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் இயற்கையியலாளராக நியமித்தது. பாம்புகளை ஆராய்ந்தார், வயல்காட்டில் நாம் பயப்படும் கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரான ‘டபோயா ரஸ்ஸெலி’யில் இருப்பது இவர்தான். மீனையும் விடவில்லை. கரைக்கு வந்த மீன்களை உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரையவைத்து, ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையும் கூடவே குறித்துக்கொண்டார். 1803-ல் 200 மீன்களோடு அது புத்தகமாக வந்தது. நீங்கள் கேட்ட மீன் அதில் ஒன்று.

பாரிஸில் இருந்த விலங்கியலாளர் குவியே 1816-ல் அந்தப் படத்தை வைத்தே ரஸ்ஸலின் பெயரை மீனுக்குச் சூட்டினார். ஜாடியில் போட்டு வைத்த மீன் எதுவும் கிடையாது. நியாயமாகப் பார்த்தால், வரைந்த ஓவியரின் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்!

அதோடு முடியவில்லை. நார்வேயில் கிடைத்த ஓர்ஃபிஷுக்கு 1772-லேயே பெயர் வைத்தாகிவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று பின்னால் வந்தவர்கள் பலர் ரஸ்ஸல் பெயரை ஓரங்கட்டிவிட்டார்கள். 2012-ல் டைசன் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் தலைக்கொண்டையின் அமைப்பையும் முதுகுத் துடுப்பின் கதிர்களையும் ஒப்பிட்டு, ‘ரெகாலெகஸ் ரஸ்ஸெலி’ தனி வகையே என்று மீட்டுக் கொடுத்தார். பெரிய ஓர்ஃபிஷ்களில் வால்முனை முழுசாக இருப்பது அபூர்வம் என்பதும் அவர் கவனித்ததே. பல்லி போல இதுவும் உடலின் பின்பகுதியைத் தானே கழற்றிவிடுமாம்.

பூகம்பக் கதை ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே இதற்குக் கடலரசன் மாளிகையின் தூதன் என்று பேர். ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களையும் 221 நிலநடுக்கங்களையும் அங்குள்ள ஆய்வாளர்கள் ஒத்துப்பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். பொருந்தியது ஒன்றே ஒன்று. நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் செங்குத்தாக நின்றபடி நீந்தி, சின்னஞ்சிறு கூனிகளைத் தின்று வாழும் மீன் இது. நோயுற்றோ சாகும் தறுவாயிலோதான் பெரும்பாலும் மேலே வருகிறது. குழுவில் இதைப் போட்டுவிடுங்கள்.

சாப்பிட? சதை கொழகொழவென்று இருக்கும். குழம்பு வைக்க அயிரையே மேல்.