தாருக்கும் மண்ணுக்கும் ஒரே சைக்கிள்!



நம்மில் பலருக்குப் பள்ளிக்கு வரும் வழி பாதி தார் ரோடு, மீதி ஏரிக்கரை மண் பாதை. எனக்கும் அப்படித்தான். சி.டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு ஓரமாக வரணும், அப்புறம் மணலிலும் சேற்றிலும் மிதிக்கணும். பதினொன்றாம் வகுப்பு போனால் அரசு விலையில்லா சைக்கிள் தரும். நான் இப்போது ஒன்பதாவது. அதுவரை எனக்கும், பிறகு என் தம்பிக்கும் ஒரே சைக்கிள்தான் உழைக்கணும். வீட்டில் ஒதுக்கிய பணம் 7,000 ரூபாய். கடைகளில் பார்த்து, மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு, அறிவியல் பாடத்தோடு சேர்த்து யோசித்ததை இங்கே தருகிறேன்.

1. டயர்
அழுத்தம் = விசை ÷ பரப்பு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்று வைப்போம். டயரில் ஒரு சதுர செ.மீ.க்கு 3 கிலோ காற்றழுத்தம் இருந்தால், இரண்டு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 20 ச.செ.மீ. காற்றை 2 கிலோவாகக் குறைத்தால் 30 ச.செ.மீ. பரப்பு கூடினால் மணலில் புதையாது. ஆனால் ஒல்லி டயரில் காற்றைக் குறைத்தால் கல்லில் ரிம் இடித்து டியூப் பஞ்சர் ஆகும். அகல டயர் தாங்கும். ரொம்பப் பெரிய புடைப்புள்ள டயரோ தாரில் இழுக்கும். ஆகவே ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம், நடுவில் வழவழப்பு, ஓரத்தில் புடைப்பு. இதுவே நமக்குச் சரி. டயரின் பக்கவாட்டில் 26 x 1.75 என்பதுபோல் அளவு போட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

2. ஷாக் அப்சர்பர்
பார்க்க கெத்துதான்! ஆனால் மலிவு சைக்கிளில் அது கனமான இரும்பு ஸ்பிரிங். எழுந்து நின்று மிதித்தால் நம் சக்தியில் கொஞ்சம் அதை அமுக்கவே போய்விடும். 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் அகல டயர் வைத்த பழைய சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கினார்கள். மலை சைக்கிள் பிறந்தது அப்படித்தான். அவற்றில் ஷாக் அப்சர்பர் கிடையாது!

3. கியர்
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் சமதளம். பல கியர் இல்லாமலே சமாளிக்கலாம், ரிப்பேரும் குறைவு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 2.4 சுற்று சுற்றும். பின்னால் 20 பல் ஃப்ரீவீல் மாட்டினால் 2.2 சுற்று. வேகம் கொஞ்சம் குறையும், மண்ணில் மிதிப்பது லேசாகும்.

4. பிரேக்
இதுதான் உயிர் காப்பது. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். அலாய் ரிம்மில் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. பணம் மிச்சம் இருந்தால் முதலில் இதற்கே செலவழியுங்கள்.

5. உயரம்
சைக்கிளின் நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள். பாதம் முழுதும் தரையில் பதியணும், கம்பிக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேணும். "வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கு" என்பார்கள். அவசரத்தில் கால் ஊன்ற முடியாத சைக்கிள் ஆபத்து. சீட்டைத்தான் பிறகு உயர்த்திக்கொள்ளலாமே!

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நம்ம அம்பத்தூரில்தான் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. சைக்கிள் செய்த ஊர்க்காரர்கள் நாம். ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறலாமா?

டயரின் அகலம் பார்!
பிரேக்கின் பிடி பார்!
பளபளப்பைக் கடைசியில் பார்!


- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு